அம்மாவின் நடு டப்பா

திருடினேன் என்று மட்டும் சொல்லாதே, சரவணா. வேறு என்ன வேண்டுமானாலும் சொல். கிழவனுக்கு வேலை வெட்டி இல்லை என்று சொல், எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறான் என்று சொல், ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் என்றும் சொல். அதுகூட முழு உண்மை இல்லை, அந்த ஏழாம் வகுப்பிலேயே நான் இரண்டு வருடம் இருந்தேன். ஆனால் பூட்டிய அலமாரியைத் திறந்து திருடினேன் என்று காரில் ஏறும்போது சொன்னாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் எதையும் எடுக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. சாவி போட்டுத் திறந்தேன். அந்தச் சாவியை நீ யாரிடம் கொடுத்து வைத்திருந்தாய்? முருகனிடம். சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால். உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் எல்லாப் படங்களையும் இறக்கித் துடைப்பாள் என்பது உனக்கு முப்பத்து நான்கு வருடமாகத் தெரியும். ஆக்லாந்துக்கு வந்தால் அவள் துடைக்க மாட்டாள் என்று நினைத்தாயா? முதல் வெள்ளிக்கிழமையே சாவி அவள் கைக்கு வந்துவிட்டது. பழைய சூட்கேஸ் சாவி என்று நினைத்து, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். வேண்டுமானால் எடுத்துப் பார், பொட்டு இன்னும் அழியவில்லை.

நீயும் ரேவதியும் த்ரீ கிங்ஸ் கடைத்தெருவுக்குப் போய், பிறக்கப்போகும் குழந்தைக்குக் கார் சீட் பார்த்துவிட்டு வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். ஏழு மாத வயிற்றோடு அவள் மெதுவாகத்தான் நடப்பாள். அதற்குள் இதை எழுதிவிடலாம் என்று அடுக்களை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசினால் நடக்காது. நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், உன் அம்மா குறுக்கே வந்து இரண்டு பேருக்கும் மோர் கொடுப்பாள், பேச்சு அத்தோடு முடிந்துபோகும். மோர் குடித்தே இந்தக் குடும்பத்தில் எத்தனையோ விஷயங்களைப் பேசாமல் விட்டிருக்கிறோம். இன்று விடக்கூடாது.

முதலில் நான் ஏன் அந்த அலமாரியைத் திறந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீ நினைக்கிற மாதிரி உளவு பார்க்க இல்லை. மைசூர்பாகு தேடித்தான். ரேவதியின் சிநேகிதி ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அது மாயமாகிவிட்டது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நீங்கள் மூவரும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. வீடு முழுக்கத் தேடிவிட்டேன். துணி துவைக்கும் மெஷினுக்குள்கூடப் பார்த்தேன். மிச்சம் இருந்தது கராஜில் நீ பூட்டி வைத்திருக்கும் இரும்பு அலமாரி ஒன்றுதான். உன் துப்பாக்கி வேறு பெட்டியில், சுவரோடு சேர்த்துத் திருகி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதன் பக்கம் நான் போனதே இல்லை. இந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது நீ, வேட்டைச் சாமான் என்றாய். அந்தச் சொல்லுக்குள் ஒரு பெட்டி மைசூர்பாகு தாராளமாக அடங்கும் என்று எனக்குத் தோன்றியது.

திறந்தேன். மைசூர்பாகு இல்லை. உன் தோட்டாவுக்கான சாமான்கள் இருந்தன. பித்தளைக் கூடுகள், ஈயத் தலைகள், நீ தங்கம் நிறுக்கிற ஆசாரி மாதிரி உட்கார்ந்து நிறுக்கிற அந்தக் குட்டித் தராசு. ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் சின்னச் சின்னத் தொப்பிகள் கொட்டிக் கிடந்தன. தோட்டாவின் அடியில் வைப்பாயே, துப்பாக்கி ஊசி குத்தினதும் முதல் பொறியைக் கொடுக்குமே, அந்தத் தொப்பிகள். நீ சின்ன வயதில் வெடித்த பொட்டு வெடிக்கு அதுகள் பெரியண்ணன் முறை. இதெல்லாம் பார்த்து நான் பதறவில்லை. மேல் தட்டில் பார்த்ததும்தான் கை நின்றது. அங்கே உன் அம்மாவின் எவர்சில்வர் டப்பா இருந்தது. விளிம்பில் பொன்னுத்தாய் என்று பெயர் வெட்டிய டப்பா. முறுக்குத்தான் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். ஆட்டிப் பார்த்தேன். முறுக்குச் சத்தம் வரவில்லை. மணல் சரிகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் மறந்திருந்தால் திறந்து ஒரு விரல் வாயில் வைத்துப் பார்த்திருப்பேன், கசகசா என்று. மறக்கவில்லை. வைத்த இடத்தில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, வெளியே எலுமிச்சை மரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். உன் அம்மா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இறங்கிவிட்டதா என்று கேட்டாள்.

இன்று காலையில் உன்னிடம் கேட்டேன். நீ ஒன்றும் மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். போன மழையில் கராஜுக்குள் தண்ணீர் வந்தபோது தொப்பிகளின் அட்டைப் பெட்டிகள் நனைந்துவிட்டன, அதனால் ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டினேன் என்றாய். வெடிமருந்து இரண்டு பாட்டிலில் பாதிப் பாதி இருந்தது, இரண்டையும் ஒன்றாக்கி, ஈரம் புகாத டப்பாவில் போட்டேன் என்றாய். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு அதில் ஆறு வாரம் நமுத்துப் போகாமல் இருந்ததே, அதைவிட நல்ல டப்பா இந்த ஊர்க் கடையில் கிடைக்குமா என்று என்னையே கேட்டாய். அலமாரியை, வீட்டுக்குச் சுடுதண்ணீர் காய்ச்சுகிற சிலிண்டரை ஒட்டி நகர்த்தியதும் ஈரத்துக்காகத்தான் என்றாய். நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூட்டித்தானே வச்சிருக்கேன், அப்பா? இரும்பு அலமாரி. நாட்டுல எவனாலயும் தொட முடியாது. உங்களத் தவிர."

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நீ போன மாதம் மலையில் காட்டு ஆட்டைக் குறிவைத்து மரத்தைச் சுட்ட கதையை ரேவதி முன்னால் எடுத்துவிட்டேன். அது என் தப்பு. அவள் சிரித்ததும் தப்பு. உனக்கு அதற்கப்புறம் காதே அடைத்துப் போனது.

சரவணா, உன் யோசனை ஒவ்வொன்றும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. முட்டாள்தனமாக ஏதாவது செய்திருந்தால் ஒரு சத்தம் போட்டு முடித்திருப்பேன். நீ செய்தது நம் வீட்டு மூளை செய்கிற வேலை. நல்ல டப்பா காலியாக இருந்தால் அதில் எதையாவது போட வேண்டும். பிஸ்கட் டின்னில் நூல்கண்டும் ஊசியும், ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்ட மாட்டோம், வீட்டுக்காரிக்குத்தான் தெரியுமே. ஈரம் படக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அரிசிக்கும் முறுக்குக்கும் இது எல்லாமே சரி. மருந்துக்கு மட்டும் ஒவ்வொன்றும் தலைகீழ்.

நாங்கள் வெடிமருந்தை மருந்து என்றுதான் சொல்வோம். நான் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அந்த ஆலையும் இப்போது இல்லை. அங்கே நாங்கள் உட்கார்ந்து வேலை செய்த அறைகளைப் பார்த்தால் நீ சிரிப்பாய். குட்டி அறை, ஆள் இரண்டு மூன்று பேர், ஆனால் நாலு பக்கமும் கதவு. கூரை லேசு. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் பொட்டல். புதிதாகச் சேர்ந்தபோது போர்மேனிடம் கேட்டேன், இவ்வளவு கதவு எதற்கு, திருடன் வர வசதியாகவா என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கதவு நீ உள்ளே வர இல்லை, அது வெளியே போக என்றார். அது என்றால் நெருப்பு. நெருப்புக்கு வழிவிட்டால் எரிந்துவிட்டுப் போகும். வழியை அடைத்தால் வழியை அதுவே உண்டாக்கிக்கொள்ளும்.

உனக்கு அணுகுண்டு வெடி பிடிக்குமே. பச்சைச் சணல் சுற்றிய உருண்டை. அதற்குள் இருக்கிற மருந்து ஒரு சிட்டிகை. அதைத் தரையில் கொட்டித் தீ வைத்தால் ஒரு சீறல், ஒரு புகை, முடிந்தது. சணலைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால்தான் தெருவே அதிர்கிறது. சுற்றுகிற பெண்களின் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் வரும், அவ்வளவு இறுக்கம் வேண்டும். சத்தம் மருந்தில் பாதி, இறுக்கத்தில் பாதி. உன் மருந்தும் எங்கள் மருந்தும் ஒன்றில்லை என்று நீ காலையில் சொன்னாய். இருக்கலாம். உன்னுடையது புகையில்லாத சாதி, எங்களுடையது கரியும் கந்தகமும். நீ படித்தவன், நீ சொன்னால் சரி. ஆனால் இறுக்கி மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் எந்தச் சாதி மருந்து சூடேறினாலும் அதற்குக் கதவு கிடையாது. டப்பாவைச் சுற்றி இரும்பு அலமாரி. அலமாரியில் ஒரு பூட்டு. நீ அணுகுண்டுக்கு மூன்று சுற்றுச் சணல் சுற்றி வைத்திருக்கிறாய், அதுவும் உன் அம்மாவின் பெயர் போட்டு.

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டு மனுஷனுக்கு. பிள்ளைக்கு, திருடனுக்கு, மைசூர்பாகு தேடுகிற கிழவனுக்கு. வீட்டில் ஒரு வயர் கருகினால் அந்த நெருப்பு சாவி கேட்காது. அப்போது அணைக்க வருகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். பாத்திரப் பெட்டி என்று நினைத்துப் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

உன் வேட்டைக் கூட்டாளி பேரி பக்குரங்காவிலிருந்து வந்திருந்தாரே, மான் கறி கொண்டுவந்து கொடுத்தாரே, அன்றைக்கு அவர் தன் வீட்டில் வைத்திருக்கிற பெட்டியின் படத்தைப் போனில் காட்டினார். மெல்லிசுப் பலகையில் செய்த மரப்பெட்டி. பூட்டு உண்டு, ஆனால் பின்பலகை லேசாக ஆணி அடித்தது. உள்ளே மருந்து எல்லாம் கடையில் வாங்கிய அதே பிளாஸ்டிக் பாட்டிலில், பெயர்ச்சீட்டு தெரிகிற மாதிரி. தொப்பிகள் தனியாக வேறொரு பெட்டியில், வாங்கிய அட்டையிலேயே, ஒன்றை ஒன்று தொடாமல் குழி குழியாக. நான் பின்பலகையைக் காட்டி, கையை மேலே தூக்கி, புஸ் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, அவரும் புஸ் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ், தெருமுனை டெய்ரியில் பால் வாங்குகிற அளவுக்குத்தான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நீ பக்கத்தில்தான் நின்றாய். அப்பா பேரியோடு விளையாடுகிறார் என்று ரேவதியிடம் சொன்னாய்.

இன்னொன்று. இரண்டு மருந்தையும் கலந்துவிட்டாய். இனி அது எந்த மருந்து என்று உனக்கே தெரியாது. அதை எந்தக் கூட்டிலும் போடாதே. காசு போனால் போகட்டும் என்று பேரியைக் கூப்பிட்டு, எப்படிக் கழிப்பது என்று கேள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் காட்டுவார். அந்த ஐஸ்கிரீம் டப்பாவைப் பற்றியும் கேள். கொட்டிக் கிடக்கிற தொப்பிகளில் ஒன்று பொறிந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து பொறியும், சரவெடி மாதிரி இல்லை, எல்லாம் ஒரே மூச்சில். இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரியும். நீ இதற்கென்று பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவன். தெரிந்துகொண்டே ஏன் செய்தாய் என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இத்தனை பக்கமாகச் சொல்லாமல் சுற்றிக்கொண்டு இருக்கிறேன்.

அந்த அலமாரி நிற்கிற சுவருக்கு மறுபக்கம் என்ன அறை என்று ஒரு தடவை நினைத்துப் பார். போன வாரம் மஞ்சள் பெயின்ட் அடித்தாயே, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கோணலாக அடிக்கிறாய் என்று கிண்டல் செய்தேனே, அந்த அறை. தொட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கிறீர்கள். சிலிண்டரின் சூடு அந்தப் பக்கமும் வரும், குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கும் என்று ரேவதி சொன்னாள்.

இப்போது சொல்கிறேன். அம்மாவின் டப்பாக்கள் மூன்று. கல்யாணச் சீரில் வந்த செட். பெரியது ஊரில் உன் அத்தை வீட்டில் அரிசி போட்டுக் கிடக்கிறது. நடு டப்பா உன் அலமாரியில். சின்னது எங்கே என்று நீ கேட்டதே இல்லை. மூன்றாவது ஒன்று இருந்ததே உனக்குத் தெரியாது.

உனக்கு அப்போது நாலு மாதம். உன் முதல் தீபாவளிக்குக் கடைப் புஸ்வாணம் வேண்டாம், என் கையாலேயே ஒன்று செய்து விட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆலையில் சட்டம் ஒன்று இருந்தது. அன்றன்றைக்குக் கலந்த மருந்தில் மிச்சம் இருந்தால் சாயங்காலமே வெட்டவெளியில் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு பொட்டு எடுத்துப் போகக்கூடாது. நான் இரண்டு வாரம் சாப்பாட்டுத் தூக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தேன். சரக்கு தெரிந்தவன் நான், எனக்கு என்ன ஆகும் என்று ஒரு திமிர். ஈரம் பட்டுவிடக்கூடாதே என்று தேடினேன். வீட்டிலேயே இறுக்கமான மூடி அந்தச் சின்ன டப்பாவுக்குத்தான். நிரப்பி, அடுக்களையில் மேல் பலகையில் வைத்தேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள்.

அவள் தாளிக்கக் கடுகு தேடியிருக்கிறாள். டப்பாவை இறக்கி, மூடி வராமல், கரண்டிக் காம்பால் தட்டித் தட்டித் திறந்திருக்கிறாள். கறுப்பாக இருந்தது, எள்ளு என்று நினைத்தாளாம். மோந்து பார்க்கக் குனிந்தபோது பக்கத்தில் திரி ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. நான் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை, சரவணா. புஸ் என்று ஒன்று. ஜன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம். உள்ளே ஓடினால் புகைக்குள் அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள், அழவில்லை, இன்னொரு கையால் தூளித் துணியை விலக்கி விலக்கிப் பார்க்கிறாள். நீ ஸ்டவ்விலிருந்து எட்டடி தள்ளித் தூளியில் கிடந்தாய். விழித்துக்கொண்டு, புகையைப் பார்த்துச் சிரித்தாய்.

மூடி திறந்திருந்தது. அதனால்தான் எரிந்ததோடு போயிற்று. இரண்டு நிமிஷம் முன்னால், மூடி இருக்கும்போதே அந்த டப்பா ஸ்டவ்வின் பக்கத்தில் சூடேறியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதவும் ஆள் இல்லை, படிக்கவும் ஆள் இல்லை. இத்தனை வருடத்தில் நான் அதை நினைக்காத நாள் உண்டு. நினைத்த நாளில் தூங்கியதில்லை.

டாக்டரிடம் உன் அம்மாவே முந்திக்கொண்டு, எண்ணெய் கொட்டிவிட்டது என்றாள். நான் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். டாக்டர் அவள் கையைப் பார்த்தார், என் விரலில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊர் டாக்டர் அவர். சின்ன டப்பாவைக் கிணற்றில் போட்டேன். அந்த மாதமே ஆலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து சைக்கிள் கடை வைத்தேன். ஏன் விட்டீர்கள் என்று நீ கேட்டபோது, புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா கைத் தழும்பு வடை சுடும்போது எண்ணெய் கொட்டியது என்று நம்பியே நீ வளர்ந்தாய். அவள் வாணலி வைத்தாலே சின்ன வயதில் ஓடிவந்து ஸ்டவ்வை அணைத்துவிடுவாய். எத்தனை நாள் பாதி வெந்த வடை தின்றிருக்கிறேன். வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய்? அவளுக்கு ஏர் பிரையர். இனிமேல் எண்ணெய்ச் சட்டி பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாய். அன்றிலிருந்து இன்றுவரை நான் காற்றில் பொரித்த வடையைத் தின்றுகொண்டிருக்கிறேன். காய்ந்துபோன பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை, கவனித்திருக்கிறாயா? நானா குறை சொல்லாதவன்? எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? நான் சொன்ன பொய்க்கு நீ கொடுத்த தண்டனை அது, கொடுத்தது உனக்கே தெரியாது.

காலையில் நீங்கள் கிளம்பின பிறகு உன் அம்மாவிடம் அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்கிட்ட சொல்லிருங்க," என்றாள். "நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். இத்தன வருஷம் குடுக்கல. இப்ப என்னத்துக்கு."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நீ அசலாக என் பிள்ளை, அதுதான் எனக்குப் பயம். உன்னை ரொம்பக் கேட்கவில்லை. குழந்தை வருமுன் அந்தச் சுவரிலிருந்து அதை எடுத்துவிடு. எடுக்கும்போது டப்பாவைக் கையால் திருகித் திற, எதையும் வைத்துத் தட்டாதே. சிலிண்டரின் பக்கம் வைத்துத் திறக்காதே, பின்பக்கப் புல்தரைக்குக் கொண்டுபோ. நீ துப்பாக்கியை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை காலையில் பேரியோடு மலைக்குப் போகும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதை நான் பார்த்ததில்லை. போ. ஆட்டைச் சுடு, மரத்தைச் சுடு, எதையாவது சுடு. வீட்டில் வைப்பதை மட்டும் பேரி மாதிரி வை.

சாவி விஷயம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் புதுப்பிக்க வீட்டைப் பார்க்க ஆள் வரப்போகிறார் என்று சொன்னாய். இதை வேறு யாரால் திறக்க முடியும் என்று அவர் கேட்பாராம், உன்னைத் தவிர யாராலும் முடியாது என்று நீ சொல்ல வேண்டுமாம். நீ அப்படிச் சொல்லி வாய் மூடுமுன் உன் அம்மா அவருக்குக் காபி கொடுத்து, முருகன் படத்தைத் திருப்பிச் சாவியையும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். விருந்தாளி அலைய வேண்டாம் என்று. ஆகையால் இனிமேல் அந்தச் சாவி இருக்க வேண்டிய இடம்

கார் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் என்று நினைத்தேன், அதற்குள் வந்துவிட்டீர்கள். ரேவதிக்குக் கால் வீங்கியிருக்கிறது, நேரே போய்ப் படுத்துவிட்டாள். நீ தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தாய். இப்போது என் பின்னால் நிற்கிறாய். நான் எழுதி முடித்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறேன். பேனா ஓடும்வரைக்கும் நீ ஒன்றும் கேட்க மாட்டாய் என்று ஒரு நம்பிக்கை. தாள் புரளுகிற சத்தம் கேட்கிறது. அணுகுண்டைத் தாண்டிவிட்டாய். பேரியைத் தாண்டிவிட்டாய். இப்போது சத்தம் நின்றுவிட்டது, ரொம்ப நேரமாக ஒரே தாளில் நிற்கிறாய். எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா குழம்புக்குத் தாளிக்க வாணலி வைத்திருக்கிறாள். நீ அவள் பக்கத்தில் போனாய். அவள் வலது கையைப் பிடித்து, சட்டைக் கையின் நுனியைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, கையை நீட்டி ஸ்டவ்வை அணைத்தாய், சின்ன வயதில் அணைப்பாயே, அதே மாதிரி. கடுகு இன்னும் பொரியவில்லை. "சரவணா, இன்னும் முடியலடா, சாவியப் பத்தி ஒண்ணு பாக்கி இருக்கு, கேட்டுட்டுப் போ," என்றேன். நீ சாமி அலமாரிக்குப் போய்விட்டு, கராஜ் பக்கம் நடந்துவிட்டாய். கடைசித் தாளை நீ படிக்கவே இல்லை. மேசையில் கிடக்கிறது.

நானும் உன் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறோம். அணைத்த ஸ்டவ்வை அவள் மறுபடி பற்ற வைக்கவில்லை. அலமாரிக் கதவின் சத்தம் கேட்டது. பிறகு புல்தரைப் பக்கம் உன் காலடி. பிறகு ஒன்றுமில்லை. எழுத்து கோணலாகப் போகிறது பார். இதோ, எவர்சில்வர் மூடி கழன்று வருகிற அந்தச் சத்தம்.

உன் அம்மா தலை நிமிராமல் வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு சொல்கிறாள்.

"தெறந்துட்டான்."